சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிய பிஸ்கட்

எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. சண்டை போட வரும். திட்ட வரும். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கவும் வரும். கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலையில் இருக்கிற கவுஞ்சிக்கு மருமகளாக வந்த முதல் மாதமே என் மாமியார் இதைக் கண்டுபிடித்து, "இவ நாக்குல மொளகாய அரைச்சுத் தடவித்தான் அனுப்பியிருக்காக" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார். நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அதற்கும் ஒரு சண்டை வந்திருக்கும். அப்படிப்பட்ட நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று ஆனபோது, வாயைத் திறக்காமல் பிஸ்கட் சுட்டு அனுப்பினேன். ஒரு வருஷம் இல்லை, ஐந்து வருஷம்.

எங்களுக்கு ஒரே மகள். மதுரையில் நர்ஸ் படிப்புப் படித்து, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே லேபில் வேலை பார்த்த பையனைப் பிடித்துப்போயிற்று. கிறிஸ்தவப் பையன். எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவள் அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் கத்தினேன். அந்த நேரத்தில்தான் பையனின் அம்மா எனக்குப் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மரியாதையாக, நிறுத்தி நிதானமாகப் பேசினார். "பிள்ளைங்க முடிவு பண்ணிட்டாங்க, நாம பெரியவங்க கூட இருந்து நடத்தி வைக்கலாமே" என்றார். அந்த நிதானம்தான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "உங்க வீட்டு வாடையே எங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது, போன வைங்க" என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். அவர் போனை வைத்துவிட்டார்.

கல்யாணம் சர்ச்சில் நடந்தது. நாங்கள் போகவில்லை.

ஒரு பெண்ணைப் பெற்று, இருபத்து நாலு வயது வரை வளர்த்துவிட்டு, அவள் கல்யாணத்தன்று தோட்டத்தில் கேரட்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரி வந்து, "இன்னைக்குத்தானக்கா?" என்று கேட்டாள். "என்ன இன்னைக்குத்தான்?" என்றேன். அவள் போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு வீம்பு இறங்கிவிட்டது. ஆனால் வீம்பு இறங்கிவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

ஆறு மாதம் கழித்து மகளே பேசினாள். அப்பா தோட்டத்துக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுவாள். அப்புறம் அப்பாவிடமும் பேசினாள். அவர் "ம், சாப்பிட்டியா" என்பதற்கு மேல் பேசமாட்டார், ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவும் மாட்டார். "ஒரு தடவ பொங்கலுக்கு வந்துட்டுப் போயேண்டி" என்று கேட்டேன். "அத்தை வேணாங்கிறாங்கம்மா. நீ சொன்னது அவங்களுக்கு இன்னும் ஆறல" என்றாள். அவள் அந்த வீட்டில் இருக்கிறாள், அந்த அம்மாவின் பேச்சை மீறி வரமாட்டாள். அதில் தப்பும் சொல்ல முடியாது, நான்தான் அப்படி வளர்த்தேன். ஆக, நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த டீச்சரம்மா என் மகளைப் பார்த்து "சரி, போயிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிஸ்கட் யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நான் பிறந்தது பள்ளங்கியில். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருஷம் கொடைக்கானலில் ஒரு போர்டிங் ஸ்கூல் சமையல்கட்டில் வேலை பார்த்தேன். பாத்திரம் கழுவச் சேர்ந்து, காய் நறுக்கி, கடைசியில் பேக்கரிப் பக்கம் வந்துவிட்டேன். டிசம்பர் பிறந்தால் அங்கே எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பிள்ளைகள் லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு டின் பிஸ்கட் கொடுத்து அனுப்புவது அங்கே வழக்கம். நட்சத்திரம், மணி, மரம் என்று அச்சு வைத்து வெட்டி, ஆயிரக்கணக்கில் சுடுவோம். வெள்ளைக்காரக் குழந்தைகளுடைய அம்மாக்கள் சமையல்கட்டுக்கே வந்து பக்குவம் கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். அப்போது சமையல் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இந்தப் புள்ள கை" என்பார். என் வாழ்க்கையில் நாலு பேருக்கு முன்னால் என்னை யாராவது பெருமையாகச் சொன்னது அது ஒன்றுதான். கிறிஸ்துமஸ் அந்த டீச்சரம்மாவின் பண்டிகை. கிறிஸ்துமஸ் பிஸ்கட் என் கைக்கு வந்த வேலை. வாயால் கெடுத்ததைக் கையால் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

வீட்டில் பிஸ்கட் சுட ஓவன் இல்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சோலியத்த வேல" என்றார். அடுத்த வாரம் பூண்டு லோடு ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போனவர், திரும்பும்போது ஒரு சின்னக் கரண்ட் ஓவனை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். மகள் பேரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதைச் சமையல்கட்டில்தான் வைக்க முடிந்தது. பெரிய பிளக் எங்கள் வீட்டில் அங்கே மட்டும்தான் உண்டு. சமையல்கட்டு என்றால் மேல்மலையில் எல்லார் வீட்டிலும் இருப்பது போலத்தான்: மூலையில் விறகடுப்பு, அதற்கு மேலே பரண், பரணில் கத்தை கத்தையாகக் கட்டித் தொங்கும் பூண்டு. அடுப்புப் புகை பட்டால்தான் பூண்டு காய்ந்து கெடாமல் நிற்கும். ஐப்பசியில் எடுத்தது டிசம்பரில் தலைக்கு மேலே நிறைந்து கிடக்கும். குனிந்துதான் நடப்போம்.

எங்கள் ஊர் டிசம்பர்க் குளிரில் வெண்ணெய் கல்லாகக் கிடக்கும். அடுப்பு ஓரத்தில் அரை நாள் வைத்து இளக்கி, சர்க்கரையைப் போட்டு மரக்கரண்டியால் தேய்க்க வேண்டும். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை தேய்க்க வேண்டும், அதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். மைதாவைச் சலித்துச் சேர்த்து, ஈரத்துணி போட்டு மூடி ஒரு நாள் ஊற வைப்பேன். ஓவன் ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு பிஸ்கட்தான் பிடிக்கும். பக்கத்து வீட்டில் கிரைண்டர் போட்டால் கரண்ட் இறங்கி, என் பிஸ்கட் அடி வெளுத்துப்போகும். நான் வாசலில் நின்று, "ஏலே, ஒங்கம்மாவ மாவ அப்பறம் ஆட்டச் சொல்லு" என்று கத்துவேன். நூற்றிருபது சுட்டு, அதில் உடைந்ததையும் கருகியதையும் கழித்து, எண்பதைத் தேர்ந்தெடுப்பேன். சுட்டதை அப்படியே தட்டுகளில் அடுப்பு மேடையில் ஆற வைத்து, வெண்ணெய்த்தாள் போட்டு, வட்டமான தகர டின்னில் வரிசை வரிசையாக அடுக்குவேன். ஓரத்தில் ஆடாமல் இருக்கத் தாளைச் சுருட்டிச் சொருகுவேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே வெள்ளைத் துணி போட்டுத் தைத்துவிடுவேன். தையல் நெருக்கமாக இருக்கும். பிரிக்க வேண்டுமென்றால் கத்திரிக்கோல் எடுத்தே ஆக வேண்டும்.

முகவரியில் மகள் பேரை எழுதவில்லை. டீச்சரம்மா பேரைத்தான் எழுதினேன். அதுதான் முக்கியம். உள்ளே கடிதம் ஒன்றும் வைக்கவில்லை. வைத்திருக்கலாம். ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தால் "உங்களுக்கு" என்பதோடு பேனா நின்றுவிடும்.

கொடைக்கானல் போஸ்ட் ஆபீஸில் எடை போட்டவர் பெட்டியைக் கையில் வாங்கினதுமே, "உள்ள என்னக்கா, பூண்டா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மேல்மலைக்காரர்கள் டவுனுக்கு எதைக் கொண்டு வந்தாலும் பூண்டு என்றும் உருளைக்கிழங்கு என்றும் கேலி பேசுவது இங்கே பழைய பழக்கம். "ஏன், மேல்மலைக்காரி கொண்டாந்தா பூண்டாத்தான் இருக்கணுமோ? பிஸ்கட்டு. கிறிஸ்மஸ் பிஸ்கட்டு. எழுதிக்கங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை ஒட்டினார். அடுத்த வருஷமும் அதையே கேட்டார். அதற்கடுத்த வருஷமும். மூன்றாம் வருஷம், "ஒங்களுக்கு வேற கேக்கவே தெரியாதா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் வருஷம் பார்சல் போய்ச் சேர்ந்த நாளில் மகள் போன் செய்தாள். "வந்துச்சும்மா" என்றாள்.

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சும்மா. நான் எடுத்ததுமே நாலு தின்னேன்."

"ஒங்கத்தை?"

"அவங்களுக்கு சுகர் இருக்கும்மா."

சுகர் இருக்கிறவர்கள் நல்லாயிருக்கிறது என்று சொல்லக்கூடாதா? வாங்கிக்கொண்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சர்க்கரை ஏறிவிடுமா? கோபம் வந்தது. ஆனால் அடக்கிக்கொண்டேன். முதல் வருஷம்தானே என்று விட்டேன். பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். வேண்டாமாம்.

இரண்டாம் வருஷம் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன். சுகர் இருக்கிற அம்மா ஒன்றிரண்டு தின்னட்டும் என்று. அதற்கும் "வந்துச்சும்மா" மட்டும்தான். மூன்றாம் வருஷம் டின்னை மாற்றினேன், பூப்போட்ட புது டின். நாலாம் வருஷம் மகளின் குரலில் ஒரு மாதிரி இருந்தது. "ஏம்மா இவ்வளவு செரமப்படுற, அடுத்த வருஷம் அனுப்பாதம்மா" என்றாள். "ஒங்கத்தைக்குக் கொழுப்பு, அனுப்பினா வாங்கித் திங்கத் தெரியுது, வாயத் தொறக்கத் தெரியல" என்றேன். "அப்படிச் சொல்லாதம்மா" என்றாள். அவளுக்கு அழுகை வருவது போல இருந்தது. மாமியாருக்குப் பயந்துகொண்டு பேசுகிறாள் என்று நான் நினைத்தேன். ஐந்தாம் வருஷத்து டின்னை வீம்புக்காகவே அனுப்பினேன். மன்னிப்பாகத் தொடங்கியது எந்த இடத்தில் வீம்பாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. மாவைத் தேய்க்கும்போதே அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே தேய்த்தேன்.

ஆறாம் வருஷம், போன டிசம்பர், தபாலை நம்ப வேண்டாம் என்று முடிவு செய்தேன். நேரே போய், அவர் கையில் கொடுத்து, அவர் தின்கிறதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறேன். திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். இவர் தடுத்துப் பார்த்தார். "கூப்புடாத வீட்டுக்கு எதுக்குப் போற?" என்றார். "எம் மக வீடு" என்றேன். வெள்ளனே எழுந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். டின் துணிப்பையில் என் மடியிலேயே இருந்தது.

கொடைக்கானலில் இறங்கி, திண்டுக்கல் பஸ் ஏறினேன். வத்தலக்குண்டு தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "மலப்பூண்டுங்களா? வெலைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். "பூண்டும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். கீழே இருக்கிறவர்களுக்கும் நம்மைப் பார்த்தாலே பூண்டு ஞாபகம்தான் வருகிறது என்று எரிச்சலாக இருந்தது. இதை நான் இப்போது எழுதும்போது எனக்கே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. எத்தனை பேர் சொன்னார்கள்! எல்லாரும் என்னைக் கேலி செய்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டேன்.

திருச்சியில் வீட்டைக் கண்டுபிடிக்கப் பிற்பகல் ஆகிவிட்டது. மகள் டியூட்டியில் இருந்தாள். கதவைத் திறந்தது டீச்சரம்மா. போட்டோவில் பார்த்ததைவிட ஒல்லி. கையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் தெரிந்துகொண்டார். அவர் கண் பையின் மேல் போயிற்று. வாசல் ஓரமாக ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"இந்த வருஷம் நேரிலேயே கொண்டாந்துட்டீங்களா?" என்றார்.

அவர் சொன்ன தோரணையில் ஏதோ இருந்தது. ஆனால் நான் பேசாமல் இருக்க வேண்டும் என்று கந்தனிடம் வேண்டிக்கொண்டு வந்திருந்தேன். "ஆமாங்க. கொஞ்சம் எடுத்துக்கங்க. சுகர் கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்று டின்னைத் திறந்து நீட்டினேன்.

அவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நான் உங்களுக்கு என்னங்க பண்ணினேன்?" என்றார். "அன்னைக்குப் போன்ல சொன்னீங்க, எங்க வீட்டு வாடை ஆகாதுன்னு. சரி, கோபத்துல சொல்லிட்டாங்கன்னு விட்டேன். அதுக்காக வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு மொத நாள் பூண்டைப் போட்டு பிஸ்கட் பண்ணி அனுப்புறீங்களே, இது என்ன மனசு? மொத வருஷம் சர்ச்லேர்ந்து வந்தவங்க முன்னாடி ஆசையாப் பிரிச்சேன். சம்பந்தி வீட்லேர்ந்து வந்திருக்குன்னு பெருமையாச் சொல்லிட்டே பிரிச்சேன். வீடெல்லாம் நாறிப்போச்சு. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. எனக்குச் செத்துடலாம் போல இருந்துச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்து மோந்து பார்த்தேன். வெண்ணெய் வாசனைதான் வந்தது. கடித்தேன். நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. "பூண்டு எங்கங்க இருக்கு? வெறும் வெண்ணெயும் மாவும். சாமி சத்தியமா" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதலில் நான் பொய் சொல்கிறேன் என்று பார்த்தார். அப்புறம் அந்தப் பார்வை மெதுவாக மாறியது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மருமகன் வந்தார். நைட் டியூட்டி முடித்துத் தூங்கியிருந்தார் போலிருக்கிறது. என்னை முதன்முதலாக அப்போதுதான் நேரில் பார்க்கிறார். "வாங்கத்தை" என்றார். டின்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, நோயாளிக்கு ரிசல்ட் சொல்வது போல, "அத்தை, பூண்டு வாடை ரொம்ப வருது. உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. டின்னுக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தும் தெரியவில்லை.

ஆனால் அதற்குள் என் மண்டைக்கு உறைத்துவிட்டது. வெண்ணெயைப் பற்றி எனக்கா தெரியாது? பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாடையை எல்லாம் வெண்ணெய் இழுத்துக்கொள்ளும். போர்டிங் ஸ்கூலில் வெண்ணெய்க்கென்று தனி அலமாரி. ஒரு தடவை யாரோ அதன் பக்கத்தில் வெங்காயக் கூடையை வைத்துவிட்டார்கள் என்று முப்பது கிலோ மாவைக் கொட்டச் சொன்னார் மேஸ்திரி. புதிதாக வந்த பெண்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அந்த நான், பரணில் ஒரு வருஷப் பூண்டைத் தொங்கவிட்டுவிட்டு, அதற்கு நேர் கீழே வெண்ணெயை அரை நாள் இளக வைத்திருக்கிறேன். மாவை ஒரு நாள் ஊற வைத்திருக்கிறேன். சுட்டதை அங்கேயே ஆற வைத்திருக்கிறேன். பிறகு காற்றுப் போகாமல் மூடித் தைத்து, நாலு நாள் வெயிலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே பூண்டு இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கவுஞ்சிக்கு வந்த புதிதில் எனக்குத் தலையணையில்கூட அந்த வாடை அடித்தது. பிறந்த வீட்டுக்குப் போனால் என் தலைமுடியை மோந்து பார்த்து என் அக்கா சிரிப்பாள். அது எந்த மாதத்தில், எந்த நாளில் எனக்கு நின்றுபோனது என்று எனக்குத் தெரியாது. நின்றதே தெரியவில்லை.

இதையெல்லாம் கோர்வையாகச் சொன்னேனா, உளறினேனா, ஞாபகம் இல்லை. பரண், அடுப்பு, வெண்ணெய் என்று ஏதோ சொன்னேன். டீச்சரம்மா மடித்த துணியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, அஞ்சு வருஷமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் கையிலிருந்த டின்னை வாங்கி, மூடியைப் போட்டு, கொண்டுபோய்ப் பின்பக்க வராண்டாவில் வைத்துவிட்டு வந்து, எனக்குக் காபி போட்டார்.

அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்குப் போனில் சொன்னதற்கு இன்றுவரை கேட்கவில்லை. காபி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மா அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியாது. ராத்திரி தங்கிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மகள் டியூட்டி முடிந்து வந்து, கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். டீச்சரம்மாதான் பேசினார். "வர்ற பொங்கலுக்கு ரெண்டு பேரும் அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றார்.

நான் ஐந்து வருஷம் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் கண்ணில் தண்ணீர் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. மகளின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு அவள்தான் கூட வந்தாள். திண்டுக்கல் பஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் இன்னும் ஏறவில்லை. நான் மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன். "ஏண்டி, நீ மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? 'அம்மா, பூண்டு வாடை அடிக்குது'ன்னு சொல்ல ஒனக்கு என்ன? ஒன்னய வச்சுத்தான் நான் அனுப்பிக்கிட்டே இருந்தேன். நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னியே."

"மொத ரெண்டு வருஷம் எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

"என்ன தெரியல?"

"வாடையே தெரியலம்மா. அத்தை நாறுதுன்னாங்க. நான் இல்லவே இல்லன்னு சண்ட போட்டேன். வேணும்னே எங்கம்மாவச் சொல்றீங்கன்னு அழுதேன். அவர்கிட்டயும் சண்ட போட்டேன். ரெண்டு வருஷமும் அவ்வளவு பிஸ்கட்டையும் நான் ஒருத்தியே தின்னேன். அம்புட்டும் நல்லாருந்துச்சு." சொல்லிவிட்டு வேறு எங்கோ பார்த்தாள். "மூணாவது வருஷம் டின்னத் தொறந்தேன். பூப்போட்ட டின்னு. எனக்கும் அடிச்சிருச்சும்மா."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பெற்று, அந்தப் பரணுக்குக் கீழேயே தொட்டில் கட்டி வளர்த்த பிள்ளை.

"ஒரு மணி நேரம் பாத்ரூம்ல ஒக்காந்து அழுதேன். அப்பறம் எப்பிடி ஒங்கிட்டச் சொல்றது?" என்றாள்.

சொல்லியிருக்க முடியாதுதான். எனக்குக் கோபம் வரவில்லை. திட்டுவதற்கு யாராவது கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சரம்மாவும் இல்லை, மருமகனும் இல்லை, போஸ்ட் ஆபீஸ்காரரும் இல்லை. அந்த மூன்றாவது வருஷமே, அவளுக்கும் வாடை அடித்த அன்றைக்கே, அவள் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டாள். நான் இன்னும் மூன்று டின் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டிரைவர் ஏறி வண்டியை எடுக்கப் பார்த்தார். நான் படியில் கால் வைத்தேன். "பொங்கலுக்கு வந்துருவேல்ல?" என்று கேட்டேன்.

"வர்றோம்மா. கண்டிப்பா வர்றோம்" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொடைக்கானல்ல ரூம் போட்டுக்கறோம்மா. பகல்ல பூரா அங்க வந்து ஒங்ககூட இருந்துட்டு, சாயங்காலம் வெரசாத் திரும்பிடறோம். அவருக்குக் குளிரு சேராதும்மா."

மருமகனுக்குக் குளிர் சேராது என்று அவள் சொன்னது பொய். அது அவளுக்கும் தெரியும், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பதும் தெரியும். என் நாக்கில் எத்தனையோ வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அத்தனையையும் முழுங்கினேன்.

"பொங்கல் லீவுல டவுன்ல ரூம் கெடைக்காதுடி" என்றேன். "இப்பவே சொல்லி வச்சிருங்க."